மாமியோட அஞ்சு நாள் லீவு

இன்னைக்கு ஃபோன்ல ஒரு செய்தி. வீட்டு வேலை, பொம்பளைங்க உடம்பு, யார் யாரைக் கவனிக்கிறாங்கன்னு ஏதோ யூனிவர்சிட்டி ஆராய்ச்சி பண்ணுதாம்!

அடப் போங்கப்பா! அதை எழுபதுகள்லயே வீடு வீடா ஏறி நான் பண்ணியாச்சு. (செருப்பு ரெண்டு ஜோடி தேஞ்சது தனிக்கதை.)

அப்போ நான் எம்.ஏ. ஸ்டூடண்ட். கையில ஃபாரம், மயிலாப்பூர்ல ஒரு வீடு.

கதவைத் திறந்தது வீட்டுக்கார மாமா. கையில பாதி நறுக்கின வெண்டைக்காய்!

"மாமி இல்லையா மாமா?"

"இருக்கா... கொல்லைல உக்காந்திருக்கா."

புரிஞ்சிடுச்சு. மாசத்துல அந்த மூணு நாள் மாமி சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாது. நாலாம் நாள் காலைல குளிச்சிட்டுத்தான் வரணும். அதுவரைக்கும் மாமா சமையல்.

ஃபாரத்துல ஒரு கேள்வி: பெண்களுக்கு மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு?

"அஞ்சு நாள்"னார் மாமா.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேக்குமா?

"மூணுதானே மாமா?"

ஊஞ்சல்ல இருந்த மாமாவோட அம்மா டக்குனு நிமிர்ந்தாங்க.

"அப்படிக் கேளுடீம்மா! ஊர்ல எல்லாருக்கும் மூணு, இவளுக்கு மட்டும் என்ன அஞ்சு? உள்ள போய் அவளையே கேட்டுண்டு வா!"

போச்சுடா.

கொல்லைப்பக்கம் போனேன். கிணத்தடி ரூம்ல மாமி காலை நீட்டிக்கிட்டு வாரப்பத்திரிகை படிச்சிட்டிருந்தாங்க. எல்லாம் காதுல விழுந்திருக்கு. முகமே வெளுத்துப் போச்சு.

"மூணுதான்டி கொழந்தே. மிச்சம் ரெண்டு நாள் நானா சேத்துண்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து இடுப்பு வலி. வலிக்கறதுன்னு சொன்னா யார் படுக்க விடறா? இதுக்குன்னாதான் விடறா. கெடுத்துடாதேடி!"

எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. ரெண்டு நாள் முதுகைச் சாய்க்க ஒரு பொம்பளை பொய் சொல்லணுமா?

திரும்பி வந்தேன். ஊஞ்சல் நின்னிருந்துச்சு.

"என்ன சொன்னா?"

"அஞ்சுதான் பாட்டி. சில பேர் உடம்பு வாகு அப்படி. காலேஜ் புக்லயே போட்டிருக்கு!" (எந்த புக்னு கேட்டுடாதீங்க.)

காலேஜ் புக்குன்னதும் பாட்டி மறுபடி ஊஞ்சலை ஆட்ட ஆரம்பிச்சுட்டாங்க!

மாமா வாசல் வரைக்கும் வந்தார். சுத்தும் முத்தும் பார்த்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்மா. மூணுதான்னு எனக்கும் தெரியும்."

குரலை இன்னும் தாழ்த்திக்கிட்டார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா நாலாம் நாளே குளிச்சுட்டு அடுப்புக்கிட்ட வந்து நின்னுடுவா."

நல்ல மனுஷன்தான். ஆனா அம்மா எதிர்ல 'அவளுக்கு இடுப்பு வலி, படுத்துக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை பாருங்க!

பஸ் ஸ்டாப்ல நின்னு அந்தக் கட்டத்துல அஞ்சுன்னே எழுதினேன். என் ஆராய்ச்சியில நான் தெரிஞ்சே எழுதின ஒரே பொய்.

உங்க அம்மாவுக்கு மாசத்துல எத்தனை நாள் லீவு கிடைச்சுது? தெரியலைன்னா இன்னைக்கே கேளுங்க. பக்கத்துல யாரும் இல்லாதப்போ கேளுங்க!