சம்மனசு இல்லை என்று சொன்ன நஸீஹா மெடம்

"அன்ரி, உம்மா மவுத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." தொலைபேசியில் நஸீஹா மெடத்தின் மகள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். மெடத்தோடு பழகிய காலத்திலும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

கல்முனையில் என்னோடு வரலாறு படிப்பித்தவர் அவர். கிரேக்கச் சிற்பம் என்றால் தீராத பைத்தியம். கிரேக்கத்தில் ஆய்வு செய்யும் தோழி ஒருவர், பழைய கோயில் தூணொன்றின் உச்சியில், போதிகையில் செதுக்கிய இறக்கை வைத்த பெண்ணின் படங்களை அனுப்பியிருந்தார். கைகள் உடைந்திருந்தன. வெற்றித் தெய்வம் என்றே எல்லோரும் சொன்னார்கள். மெடத்துக்கு ஒப்பவில்லை. "இறக்கை இருந்தாப் போதுமா ரூபி? கையில என்ன வச்சிருந்தா எண்டு பாக்கணும்" என்பார்.

பிறகு தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன; இராணுவத் தேடுதல்கள் தொடங்கின. முஸ்லிம் வீடுகளில் விளங்காத எழுத்துள்ள தாளெல்லாம் பயத்தில் அடுப்புக்குப் போனது. கிரேக்க எழுத்துக் குறிப்புகளோடு இருந்த அந்தப் படங்களை எரிக்க மனமில்லாமல், மெடம் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கத்தோலிக்க வீட்ட தேடமாட்டாங்க." அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்குமுன் எங்கள் ஒழுங்கைக்குள் இராணுவம் வந்துவிட்டது.

மேசையில் படங்களைக் கண்ட சிப்பாய், முக்காட்டோடு இருந்த மெடத்தையும் பார்த்தார். "யார் இது?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்.

"சம்மனசு, சேர்" என்றேன். எங்கள் சுவரிலும் இறக்கை வைத்த தேவதூதர், அதாவது சம்மனசு படம் இருந்தது. அவர் தலையாட்டினார். தப்பினோம் என்று மூச்சு விட்டேன்.

"இல்ல சேர். சம்மனசு இல்ல" என்றார் மெடம்.

நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். ஆனாலும் சிற்பத்தின் இடுப்போரம் தேய்ந்து கிடந்த இடத்தைக் காட்டினார். "இஞ்ச பாருங்க, சிங்கத்துட பாதம். சிங்கத்தைத் தூக்கிப் பிடிச்சிருக்கா. இவ மிருகங்கள ஆளுற கிரேக்கத் தெய்வம், ஆர்ட்டெமிஸ்."

சிப்பாய் குனிந்து பார்த்தார். மெடத்தின் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார். அதன்பின் வாசலில் எந்த வாகனம் நின்றாலும் எனக்கு உயிர் போய்வந்தது.

"ஏன் மெடம் வாயத் திறந்தீங்க?" என்று ஏசினேன்.

"பயம்தான் ரூபி. பயத்துல பேர மாத்திச் சொன்னா, நாளைக்கு நானே அத நம்பிருவன்."

அந்தத் தோழியும் பின்னர் மெடம் சொன்னதையே ஏற்றுக்கொண்டார்.

மெடத்தின் மையத்தைக் கிடத்தியிருந்த வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கழுத்தில் சிலுவையோடு நான் ஒருத்திதான். மூலையில் ஒதுங்கி நின்றேன். "நீங்க ஆரு? கூடப் படிப்பிச்சவவா?" என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றால் முடிந்துவிடும். ஆனால் நான் அவரது சிநேகிதியல்லவா?

"கூட்டாளி" என்றேன்.

பெண்கள் விலகி, தலைமாட்டில் எனக்கு இடம் விட்டார்கள். வெள்ளைக் கபன் துணிக்குள் மெடத்தின் முகம் மட்டும் தெரிந்தது.

சென்று வாருங்கள், மெடம். எனக்கு இன்னும் பயம்தான்.