அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிவந்த மாலை

சில வருடங்களுக்கு முன், நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய வாரத்தில் ஒரு காலை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி வீடு. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வாசல் கதவு திறந்து கிடக்கிறது. அப்பாவின் செருப்பைக் காணவில்லை.

அப்பாவுக்கு மறதி நோய். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரைத் தனியே விடமுடியாது என்பதால், நான் வேலை செய்யும் காப்புறுதிக் கம்பனியில் கேட்டு, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் சாப்பிட்டது என்னவென்று அப்பாவுக்கு நினைவிருக்காது. ஆனால் இளம் வயதில் நடந்ததெல்லாம் நேற்று நடந்ததுபோல வரும்.

கீழே ஓடிப்போய்க் காவலாளியிடம் கேட்டேன். அப்பா திருநீறு பூசி, வெள்ளைச் சேர்ட் போட்டு, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். மார்கழி மாதம் என்பதால் அந்த மனிதருக்குச் சந்தேகம் வரவில்லை. நான் கோயிலுக்கு ஓடினேன். அங்கே இல்லை. சந்தையில் இல்லை. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தபடி ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே நினைக்கப் பயமாக இருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. எழும்பியதும் அவருக்குச் சீனி வருத்தத்துக்கான மாத்திரையைக் கொடுத்திருந்தேன். சாப்பாடு கொடுக்கவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நடந்தால் சீனி இறங்கி, எங்கேயாவது விழுந்துவிடுவார். விழுந்தால் தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார்.

காலி வீதி முழுக்க நத்தார்க் கூட்டம். கடைகளில் பாட்டுப் போட்டிருந்தார்கள், நடைபாதையெல்லாம் பை தூக்கிய ஆட்கள். வெள்ளைச் சேர்ட் போட்ட வயதானவர்கள் எல்லோரும் பின்னாலிருந்து பார்க்க அப்பாவாகவே தெரிந்தார்கள். இரண்டு பேரைக் கையைப் பிடித்தே திருப்பிவிட்டேன். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் அப்பாவின் படத்தைப் போனில் அனுப்பினேன். பகல் தாண்டியும் ஒரு தகவலும் இல்லை. ஒருவேளை திரும்பி வந்திருப்பாரோ என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. வெறும் வீட்டுக்குள் இருக்க மனமில்லாமல் கீழே படிக்கட்டில் இருந்தேன்.

அப்போதுதான், காலி வீதியில் கடை வைத்து அப்பாவுக்குச் சேர்ட் தைத்துக் கொடுக்கும் தையல்காரர் ஒழுங்கையில் ஓடி வருவதைக் கண்டேன். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பருத்த மனிதர், மூச்சு வாங்கியது.

"மிஸ், ஐயா இருக்கிறார். கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டில. சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாராம்."

சாப்பிடுகிறார் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

அந்த வீட்டு ஆட்கள் அப்பாவின் சேர்ட் கழுத்துப் பட்டியில் தைத்திருந்த துண்டைப் பார்த்திருக்கிறார்கள். அதில் கடையின் பெயரும் வெள்ளவத்தை என்பதும் இருந்திருக்கின்றன. எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து, இப்படி ஒரு வயதானவர், நெஞ்சில் இரண்டு பொக்கற் வைத்த சேர்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் இரண்டு பொக்கற் கேட்கிற ஆள் அப்பாவைத் தவிர வேறு யார்? என்னுடைய போன் நம்பர் தையல்காரரிடம் இல்லை. நத்தார் நேரத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு, கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

கொட்டாஞ்சேனை என்றதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், அப்பா அங்கேதான் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து, வீட்டுக்கார அக்காவின் சமையலைச் சாப்பிட்டு இருந்தவர். பின்னால் இனக் கலவரத்தோடு அந்தத் தொடர்பெல்லாம் குலைந்துபோனது. எந்த பஸ் பிடித்தார், எங்கே இறங்கினார், அந்த ஒழுங்கையை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஓட்டோ புறக்கோட்டை நெரிசலைத் தாண்டவே வெகுநேரம் பிடித்தது. கொட்டாஞ்சேனையில் தையல்காரர் சொன்ன ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பியது. வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கியது. நடுவில் ஒரு பழைய ஓட்டு வீட்டு வாசலில், ஏணியில் ஏறி நின்று ஒருவர் அப்போதுதான் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டு நின்றவர் அப்பா. முன்பின் நான் கண்டிராத நீலக் கோடு போட்ட சேர்ட் ஒன்றைப் போட்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"வாங்கோ பிள்ளை. ஆரைத் தேடுறியள்?"

அந்த நேரம் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் விறுவிறென்று வந்து என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என் வயதுதான் இருக்கும். குசினியில் இருத்தித் தேநீர் தந்தார். நான் குடித்து முடித்த பிறகு அவரே சொன்னார்.

காலையில் அப்பா நேரே வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, சாப்பாடு ஆயிட்டுதோ? கந்தோருக்கு நேரம் போகுது" என்று கேட்டாராம். அப்பா அந்தக் காலத்தில் இருந்த குடும்பத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பெண் திகைத்துப்போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. யார் நீங்கள் என்று கேட்க வாயெடுத்தபோதுதான், அப்பாவின் கை நடுங்குவதையும், சேர்ட் தெப்பமாக நனைந்திருப்பதையும் கவனித்திருக்கிறார்.

"எங்க மாமாவுக்கும் சீனி இருந்திச்சு. பாத்ததும் வெளங்கிச்சு. முதல்ல சீனி போட்டு டீ குடுத்தேன். மத்ததெல்லாம் பொறகு கேப்போம்னு விட்டுட்டேன்."

டீயைக் குடித்து அப்பா தெளிந்த பிறகு, நனைந்த சேர்ட்டைக் கழற்றச் சொல்லி, மாற்று உடுப்புத் தேடியிருக்கிறார். கணவருடைய சேர்ட்டெல்லாம் அப்பாவுக்குப் பெரிது. அலுமாரியில் மாமனாரின் சேர்ட்டுகள் இருந்தன. அந்த வருடம்தான் மாமனார் இறந்திருந்தார். அன்றிலிருந்து அந்தத் தட்டை யாரும் திறக்கவில்லையாம். அதிலிருந்து ஒன்றை எடுத்து அப்பாவுக்குப் போட்டுவிட்டிருக்கிறார். கழற்றிய சேர்ட்டைத் தோய்க்கப் போட எடுத்தபோதுதான் கழுத்துப் பட்டியில் இருந்த துண்டு கண்ணில் பட்டிருக்கிறது.

அப்பாவின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு, தங்களுக்குச் சமைத்த மீனை மூடி வைத்துவிட்டுப் புதிதாகப் பருப்பு வைத்து, மாசிக் கருவாடு போடாமல் சம்பலும் அரைத்துக் கொடுத்திருக்கிறார். இதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அடுப்பில் இருந்த சட்டிகளைப் பார்த்து நானாகத்தான் கேட்டேன்.

அவருடைய கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பகல் வீட்டுக்கு வந்தவர், தன் அப்பாவின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தன் அப்பாவின் கதிரையில் யாரோ ஒருவர் இருந்து சாப்பிடுவதைக் கண்டிருக்கிறார்.

"அப்படியே கதவுல நின்னுட்டாரு. என்ன சொல்லப் போறாரோன்னு நானும் பாத்துக்கிட்டு நின்னேன். அவரு போயி மொகம் கழுவிட்டு வந்து, பக்கத்துல இருந்து, அவருக்குச் சோறு போட்டாரு."

சாப்பிட்டு முடித்ததும் அப்பா வாசலைப் பார்த்துவிட்டு, ஏன் இன்னும் நட்சத்திரம் கட்டவில்லை என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். எல்லா வீட்டிலும் கட்டியாயிற்று, இங்கே மட்டும் ஏன் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். துக்க வருடம் என்பதால் அந்த வீட்டில் அந்த முறை நத்தார் இல்லை. கேக் இல்லை, இயேசு பாலனுக்குக் கூடு இல்லை, ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள்.

"அத எப்படி அவருகிட்ட சொல்றது? கொழந்த மாதிரி வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. இவரு கதிரைல ஏறி, அலுமாரிக்கு மேல இருந்த நட்சத்திரத்த எடுத்துட்டாரு. நான் ஏணிய எடுத்துட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கூடத்தில் மாமனாரின் படம் மாலையோடு தொங்கியது. அப்பாவைவிடக் கொஞ்சம் நிறம், மற்றப்படி மெலிந்த உடம்பு, அதே உயரம்.

இனி அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கேதான் வில்லங்கம். நான் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. தெரியாத ஒரு பெண் வந்து கையைப் பிடித்து இழுத்தால் யார்தான் வருவார்? "நான் உங்கட மகள் அப்பா" என்றேன். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகேல்லை, பிள்ளை" என்று கூச்சத்தோடு சிரித்தார். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன். வெள்ளவத்தையில் வீடு இருக்கிறது என்றேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் கலவரப்பட்டது. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் என்னைக் கண்ணால் நிற்கச் சொல்லிவிட்டு, அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இந்தப் பிள்ளைக்கு வெள்ளவத்தைக்குப் போகணுமாம். பொழுதும் படப் போகுது. தனியா அனுப்புறது சரியில்ல. நீங்க ஒருக்கா கூட்டிட்டுப் போயி வீட்டுல விட்டுட்டு வாரீங்களா?"

என் வயதுப் பெண் ஒருவர் என் அப்பாவைத் தம்பி என்று கூப்பிட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா உடனே எழுந்துவிட்டார். சேர்ட்டை இழுத்துச் சரிசெய்தார்.

"அதுக்கென்ன அக்கா. நான் கொண்டுபோய் விட்டுட்டு வாறன். வாங்கோ பிள்ளை."

ஓட்டோவில் என்னை உள்பக்கமாக இருக்கச் சொல்லிவிட்டு, தான் வெளிப்பக்கம் இருந்துகொண்டார். வளைவுகளில் நான் விழுந்துவிடாமல் கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்தபடி வந்தார். எங்கே வேலை, எந்த ஊர், கொழும்பில் துணைக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தார். அப்பா இருக்கிறார் என்று சொன்னேன். "அப்ப பயமில்லை" என்றார்.

எங்கள் ஒழுங்கையில் இறங்கியதும் என் கையைப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, வீதியைக் கடக்கப்பண்ணினார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது பிடிக்கிற அதே பிடி. தொடர்மாடி வாசலில் நின்று, "சரி பிள்ளை, நான் வெளிக்கிடுறன்" என்று திரும்பினார்.

நான் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்று, "இவ்வளவு தூரம் வந்தனீங்கள், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றேன்.

யோசித்தார். மறுப்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும், என்னோடு மேலே வந்தார். சொந்த வீட்டில் விருந்தாளிபோல் சோபாவின் நுனியில் இருந்தார். தேநீரைக் குடித்தார். வீடு வடிவாக இருக்கிறது என்றார். பிறகு சாய்ந்தார், அப்படியே நித்திரையாகிவிட்டார். நான் எதிரே தரையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்தவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு, வீட்டில் என்னைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி, "விளக்கைப் போடன், இருட்டாக் கிடக்கு" என்றார்.

நத்தாரன்று அப்பாவின் வெள்ளைச் சேர்ட்டை வாங்கிவரவும், தோய்த்து மடித்த நீலக் கோட்டுச் சேர்ட்டைக் கொடுக்கவும் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெறுங்கையோடு போகாமல் வடையும் பயற்றம்பணியாரமும் செய்துகொண்டு போனேன். அப்பாவையும் கூட்டிப்போனேன். அவருக்கு அந்த வீடும் நினைவில்லை, அந்த மனிதர்களும் நினைவில்லை. புதிதாகக் கண்டவர்களிடம்போலச் சுகம் விசாரித்தார். அந்தப் பெண்ணுக்கு மனவருத்தமாக இருக்குமோ என்று பார்த்தேன். அவர், "பரவால்ல, இன்னொருக்கா பழகிக்குவோம்" என்று சிரித்துவிட்டு, கேக் வெட்டிக் கொண்டுவந்தார். முதல் நாள்தான் செய்தாராம். நீலச் சேர்ட்டை நான் நீட்டியபோது கணவர் வாங்கவில்லை. "அங்கிளுக்கு அளவா இருந்திச்சு, அவரே போடட்டும்" என்றார்.

இப்போதும் ஒவ்வொரு நத்தாருக்கும் போகிறோம். அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் தடவைதான்.

அந்த நாளுக்கு முன்பெல்லாம் அப்பா எதையாவது மாறிச் சொன்னால் நான் திருத்திக்கொண்டே இருப்பேன். அம்மா எங்கே என்று கேட்டால், அம்மா செத்துப்போனாவே என்று சொல்வேன், அவர் அன்றைக்குத்தான் கேட்டதுபோல அழுவார். உண்மையைச் சொல்வது என் கடமை என்று நினைத்திருந்தேன். இப்போது, அம்மா சந்தைக்குப் போயிருக்கிறா, வந்திடுவா என்கிறேன். நான் யாரென்று அவர் கேட்கும் நாட்களில், அவர் யாரென்று நினைக்கிறாரோ அந்த ஆளாகவே கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிடுகிறேன். எனக்கு இதைக் காட்டித் தந்தவர், தன் வீட்டுத் துக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு பகல் முழுக்க அக்காவாக இருந்த அந்தப் பெண்தான்.