திருத்தத்துக்குத் திருத்தம்

ஆபீசில் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தவன் டீம் லீடர். பதினோரு வருஷமாக மற்றவர்கள் அள்ளிப்போட்ட நிரல் மாற்றங்களை, யார் எதை எப்போது செய்தார்கள் என்று படிக்கும்படி ஒழுங்குபடுத்தி வைப்பவள். நன்றி சொல்ல அங்கே ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. பட்டப்பெயர் வைக்க மட்டும் வந்தது.

அந்த வாரம் பஸ் டிக்கெட் மென்பொருள் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுத் தொலைத்தது. வாடிக்கையாளர் கம்பெனி கொதித்துப் போனது. தப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆளுக்கு வேலை போகும். மறுநாள் அங்கிருந்து ஆள் வந்து, ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயரோடு பதிவாகியிருக்கும் வரலாற்றைப் பார்க்கப் போகிறார்கள்.

ஒருவருக்கு விற்ற சீட்டை இன்னொருவருக்குப் போகாமல் பூட்டும் பகுதி துடைப்பம் எழுதியது. எட்டு நாள் சோதித்து எழுதினாள். அவள் இரண்டு நாள் லீவில் போனபோது லீடர் அதில் கைவைத்தான். அவன் போட்ட திருத்தத்தில்தான் பூட்டு உடைந்தது. பிறகு திருத்தத்துக்கு ஒரு திருத்தம், அதற்கும் மேல் இன்னொன்று. மூன்றுக்கும் 'ஃபிக்ஸப்' என்று தலைப்பு, முந்தைய பதிவுக்குப் போட்ட ஒட்டு என்று அர்த்தம். அப்படித் தலைப்பு இருந்தால், ஒழுங்குபடுத்தும் கட்டளை கொடுத்ததும் எல்லாம் முதல் பதிவுக்குள் மடிந்துவிடும். முதல் பதிவின் பெயர் மட்டும் மிஞ்சும். அது அவள் பெயர்.

"ஏம்மா, எல்லா ஃபிக்ஸப்பையும் மடிச்சு நீட்டா வச்சிடு," என்றான் லீடர்.

"மூணும் நீங்க போட்டது சார்."

"யார் போட்டா என்ன? டீம்னா எல்லாருந்தானே?"

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. அது தெரிந்துதான் இந்தப் பாவி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

கட்டளையைக் கொடுத்தாள். அவள் பதிவுக்குக் கீழே அவனுடைய மூன்றும் வரிசையாக வந்து நின்றன, மடியத் தயாராக. முதல் திருத்தத்தை மட்டும் 'தனியாக வை' என்று மாற்றினாள். மற்ற இரண்டும் அதற்குள் மடிந்தன. தலைப்பிலிருந்து 'ஃபிக்ஸப்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'சீட்டுப் பூட்டில் மாற்றம்' என்று எழுதினாள்.

மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் பெரிய திரையைப் பார்த்தார். "ரெண்டே பதிவா? ரொம்பத் தெளிவா இருக்கே. யாரு ஒழுங்குபடுத்தினது?"

"நான்தான் மேடம், கிட்ட இருந்து பண்ண வச்சேன்," என்று லீடர் முந்திக்கொண்டான்.

அந்த அம்மாள் இரண்டாவது பதிவைத் திறந்து, உடைந்த வரியைக் காட்டி, பக்கத்தில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். லீடர் துடைப்பத்தின் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொன்ன மாதிரியே மடிச்சிட்டேன் சார்," என்றாள் அவள். "உங்களோடதை உங்களோடதுக்குள்ள."