கல்தொட்டியைப் பெயர்த்த நல்லபெருமாள் பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, தோவாளைப் பூவண்டிக்காரர் மாடசாமி வாசலில் வந்து நின்றார். "சாரே, துணிக்கடை அண்ணாச்சி போயிட்டாவ. பொழுது வெளுக்க முன்னால," என்றார். கையிலிருந்த உமிக்கரி தரையில் கொட்டிவிட்டது. என் எதிர்வீட்டுக்காரர், எங்கள் கோட்டாற்றுத் தெருவின் பெரியவர், நல்லபெருமாள் பிள்ளை அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் துக்கத்தை முந்திக்கொண்டு ஒரு பரபரப்பு வருகிறது. இரங்கல் எழுதுகிறவனுக்கு அது தகுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அறியாதவர்களுக்காக, கூடியவரை வரிசையாகச் சொல்கிறேன்.

பிள்ளை அவர்களுக்குக் குரல் பெரிது. கடையிலிருந்து தும்மினால் அடுத்த கடையில் துணி அளக்கிற முழம் தப்பும் என்பார்கள். கடற்கரையிலிருந்து வந்த ஒருவர், வேட்டியின் கரைச் சாயம் ஒரே வெளுப்பில் போய்விட்டதாகச் சண்டைக்கு நின்றார். "கரை போனா என்னவே? சுத்த வெள்ளைக்குள்ள மரியாதை கரைவேட்டிக்கு உண்டா?" என்று தெருவே கேட்க முழங்கினார்கள். அப்படி முழங்கிக்கொண்டே புது வேட்டி ஒன்றை எடுத்து அவர் தோளில் போட்டும்விட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், நீலா. நிறைசூலியாக இருக்கையில் இறந்துபோனாள். வயிற்றுச் சுமையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் பக்கத்து வழக்கம். வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவளுடைய சுமையும் இறங்கும் என்பார்கள். பிள்ளை அவர்கள் சுமைதாங்கியோடு நிற்கவில்லை. பக்கத்திலேயே, தம் வீட்டு வாசலையொட்டி, ஒரே கல்லில் குடைந்த பெரிய தண்ணீர்த்தொட்டியும் வைத்தார்கள். அவர்கள் மனைவி பிச்சம்மை விடியற்காலையில் முதல் குடம் ஊற்றுவார். பிறகு தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் ஊற்றுவார்கள். எந்த ஊர் மாடானாலும் வந்து குடிக்கலாம்.

சந்தை நாளன்று எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். பூவண்டி, கருப்பட்டி வண்டி, கருவாட்டு வண்டி எல்லாம் இரண்டு பக்கமும் அவிழ்த்துக் கிடக்கும். நுகத்தடிகள் வாசற்படி வரை நீளும். அவிழ்த்த நுகத்தைத் தாண்டினால் மாட்டுக்கு ஆகாது என்று வண்டிக்காரர்கள் கத்துவார்கள். ஆகவே நாங்கள் எங்கள் வீட்டிலிருந்து இறங்க அடுத்த வீட்டுப் படியைத் தேடிப் போவோம். மனு எழுதினோம். 'இங்கே வண்டி அவிழ்க்கலாகாது' என்று பலகை எழுதி மாட்டினோம். அந்தப் பலகையின் கொக்கியில் யாரோ வைக்கோல் கட்டைத் தொங்கவிட்டுப் போனார்கள்.

பிள்ளை அவர்கள் ஒவ்வொரு சந்தைக்கும் சண்டை பிடிப்பார்கள்.

"வேய், மாடசாமி, இது தெருவா, உம்ம தொழுவா?"

"அண்ணாச்சி, நான் அந்தப் பக்கமாப் போவேன். மாடு போவ மாட்டேங்கே. உங்க வாசலைக் கண்டாத்தான் அதுக்குத் தாகமே வருது."

"அப்பம் நான் மாட்டுக்கிட்டயே பேசிக்கிடுதேன். நீரு தள்ளி நில்லும்."

மாட்டுக்கு நேரே போய் நின்று நியாயமும் கேட்டார்கள். தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மாடசாமி சொன்னதில் இருந்த பொருள் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்படி ஒரு சந்தை நாளில்தான் என் மகள் செல்லத்துக்கு வலி கண்டது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டார். வில்வண்டி தெருமுனைக்கு வந்தது. அதற்குமேல் வர இடமில்லை. வண்டிக்காரர்கள் எல்லோரும் சந்தைக்குள் இருந்தார்கள். நான் வாசலில் நின்று கையைப் பிசைந்தேன்.

பிள்ளை அவர்கள் துண்டை இடுப்பில் வரிந்து கட்டி இறங்கினார்கள். முதல் வண்டியின் நுகத்தைத் தாமே தூக்கினார்கள். அந்தக் குரலுக்குத் தெருவே ஓடிவந்தது. கோயிலுக்குப் போனவர்கள், பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள், மாதா கோயில் உபதேசியார் எல்லோரும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு வண்டியாகச் சுவரோடு ஒதுங்கியது. வழி திறந்துகொண்டே வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது. பாரம் ஏற்றிய கருவாட்டு வண்டி ஒன்றின் சக்கரம் தொட்டிக் கல்லில் முட்டி இறுகியிருந்தது. எத்தனை பேர் தள்ளியும் அசையவில்லை.

பிள்ளை அவர்கள் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நீலால்லா வழியை மறிச்சுக்கிட்டு நிக்கா," என்றார்கள். அவ்வளவு மெல்லிய குரலில் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

மறுகணம் தம் வீட்டுக் கதவைக் கழற்றச் சொன்னார்கள். செல்லத்தை அதில் கிடத்தி, தலைக்குமேல் தூக்கி, கருவாட்டு வண்டியைத் தாண்டி, கைமாற்றிக் கைமாற்றி வில்வண்டியில் சேர்த்தோம். அன்று மத்தியானம் பேரன் பிறந்தான். தாயும் சேயும் பிழைத்தார்கள்.

மறுநாள் தெரு கூடியது. போலீசைக் கூப்பிட வேண்டும், அபராதம் போட வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பிள்ளை அவர்கள் எழுந்தார்கள்.

"யாரை வெரட்டப் போறிய? குடம் குடமாத் தண்ணி ஊத்தி விளிச்சது நாமதானவே. வெயில்ல வந்த மாடு வேற எங்க போவும்? தெருவுக்கு அந்தால எனக்கு ஒரு தென்னந்தோப்பு கெடக்கு. தொட்டியும் சுமைதாங்கியும் அங்க போவட்டும். வண்டி தானே பொறத்தால வரும்."

அவர்கள் தமையனார் தடுத்தார். "சூலியா செத்தவளுக்கு வச்ச கல்லுடே. பெயர்த்தா குடும்பத்துக்கு ஆகாது."

பிள்ளை அவர்கள் திரும்பி, கதவில்லாத தம் வீட்டு நிலையைப் பார்த்தார்கள். அங்கே பிச்சம்மை நின்றிருந்தார்.

"பெத்தவ நான் சொல்லுதேன்," என்றார் அந்த அம்மாள். "எம்பிள்ளை செமந்துக்கிட்டே போனவ. இன்னொருத்தி செமந்துக்கிட்டு வழியில்லாம நிக்கது அவளுக்குப் பொறுக்காது. எடுங்கோ."

எடுத்தோம். தென்னந்தடிகளை உருளையாக அடியில் போட்டோம். வடம் கட்டினோம். யாரோடு சண்டை பிடித்தோமோ அந்த வண்டிக்காரர்களே தங்கள் மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான நான் உருளையை எந்தக் கோணத்தில் வைத்தால் நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "சாரே, பாடம் எடுத்தது போதும். கயத்தைப் பிடியும்," என்று பிள்ளை அவர்கள் அதட்டினார்கள். பிடித்தேன். உள்ளங்கை உரிந்துபோனது. முனை திரும்புகையில் தொட்டி ஒருபுறம் சாய, தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்தது. நிமிர்ந்து தோப்புக்குள் உருண்டதும் எழுந்த கூச்சலில் நானும் கத்தினேன் என்று செல்லம் சொல்கிறாள். இருக்கலாம்.

சுமைதாங்கியையும் பக்கத்தில் நட்டதும், முதல் குடத்தைப் பிச்சம்மை ஊற்றினார். அடுத்த சந்தையன்று வண்டிகள் யாரும் சொல்லாமலே எங்கள் தெருவைக் கடந்து தோப்பில் போய் அவிழ்ந்தன.

செவ்வாய் மாலை பிள்ளை அவர்களின் பாடை தெருவழியே நேராகப் போயிற்று. தோப்புப் பக்கம் திரும்பும்போது மாடசாமியின் மாடுகள் தோப்பு முகப்பிலிருந்த தொட்டியில், பாதையை மறித்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவர் பதறி ஓடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். தெருமுனை வரை வந்திருந்த பிச்சம்மை கையமர்த்தினார்.

"குடிச்சு முடிக்கட்டும் மக்கா. அவ்வோ நிப்பாவ."

ஒரு வண்டிக்கும் நின்று பழகாத பிள்ளை அவர்கள் நின்றார்கள். மாடுகள் அவசரப்படவில்லை. குடித்து முடித்து, மோவாயில் நீர் சொட்டச் சொட்டத் தலை தூக்கி, ஒதுங்கின.

போய் வாருங்கள் அண்ணாச்சி. வழி விட்டாயிற்று.