முதல் கடதாசி, பிறகுதான் மான்

பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, வெம்பிளியில் கண்மூடிய எங்கள் அண்ணையைப் பற்றி எழுதும் பொறுப்பு, அவரோடு அதிகம் சண்டை பிடித்தவள் என்பதால் தங்கையான எனக்கு வந்திருக்கிறது.

அண்ணை வெடிச்சத்தத்துக்குத் தப்பி லண்டன் வந்தவர். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் ஷிப்டாக நின்று உழைத்து எங்களையும் இங்கே எடுப்பித்தார். அப்படிப்பட்டவர் வயது போன காலத்தில் பொலிசிடம் அனுமதி பெற்று வேட்டைத் துவக்கு வாங்கியபோது சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. கூட வேலை செய்த மன்னார் யோசப் அண்ணைதான் அவரை லண்டனுக்கு வெளியே கென்ற் காட்டுப் பக்கம் வேட்டைக்குக் கூட்டிப்போனவர். அங்கே மான்கள் பெருகி இளமரங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்ததால் அவற்றைச் சுட்டுக் குறைக்க ஆள் தேவைப்பட்டது.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மான் இறைச்சி தருவதாக அண்ணை வாக்குக் கொடுத்தார். நானும் பிளேஸ்டோவில் இருக்கும் என் வீட்டுக்கு ஊரையே அழைத்துவிட்டுக் காத்திருந்தேன். மனுசன் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"மான் வரேல்லையோ?"

"வந்தது. நல்லாத்தான் நிண்டது. நான் சுடேல்லை."

அவர் வழக்கமாக வாங்கும் ஈயக்குண்டுத் தோட்டா கடையில் முடிந்துவிட்டதாம். அதே அளவில், அதே நிறையில் செப்புக்குண்டு கொடுத்தார்களாம். அதைக் கடதாசிக் குறியில் சுட்டுப் பார்க்க நேரம் கிடைக்கவில்லையாம். வந்தவர்களுக்குக் கோழிக்கறி போட்டேன். அண்ணைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு என்னைச் சமாதானப்படுத்தச் சுடுபயிற்சித் திடலுக்குக் கூட்டிப்போனார். பழைய தோட்டாவில் மூன்று வெடி. மூன்றும் கடதாசியின் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. புதியதில் மூன்று, அவையும் ஒன்றாகத்தான் இருந்தன, ஆனால் நாலு விரல் கீழே, இடப்பக்கம் தள்ளி.

"துவக்கும் அதுதான், கையும் அதுதான். தோட்டா மாறினா அது போற வேகம் மாறும், குழாய் அதிருற விதமும் மாறும். பெட்டியிலை எழுதினதை நம்பேலாது."

"நாலு விரல்தானே, அண்ணை?"

"கடதாசிக்கு நாலு விரல். மானுக்கு நெஞ்சிலை படவேண்டியது வயித்திலை படும். சாகவும் மாட்டுது, பிழைக்கவும் மாட்டுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போர்க்காலத்தில் ஊரில் எங்கிருந்தோ வந்த வெடியொன்று எங்கள் பசுவின் வயிற்றில் பட்டது. அது பகல் முழுக்கக் கிடந்து துடித்தே செத்தது. கடைசிவரை அதன் தலையைத் தடவிக்கொண்டு இருந்தவர் அண்ணைதான்.

நோயில் விழுந்த பிறகு, துவக்கை முறைப்படி யோசப் அண்ணையின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். வைத்தியசாலையில் மாத்திரைப் பெட்டியின் நிறம் மாறினாலும் தாதியை மறித்து விசாரிப்பார். அவரை முகம் சுளிக்காமல் பராமரித்த அந்தத் தாதியருக்கும், கிரியைகளில் எங்களோடு நின்ற உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

யோசப் அண்ணைக்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு அண்ணைக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்க ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, அவர் மான் இறைச்சியோடு வாசலில் நின்றார். அண்ணையின் துவக்கால், புதிதாக வாங்கிய தோட்டாவால் சுட்டது என்றார். வாங்க நீட்டிய கையை என்னையறியாமல் இழுத்துக்கொண்டேன்.

"கடதாசிக்குச் சுட்டுப் பாத்தனீங்களோ?"

யோசப் அண்ணையின் கண் கலங்கிவிட்டது.

"ஓம் தங்கச்சி. முதல் கடதாசி, பிறகுதான் மான்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். முதல் அகப்பைக் கறியை அண்ணையின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.