வெடிமருந்து கலக்கிய அப்பா கேட்டது

போர் நடக்கும் ஒரு நாட்டில், தொண்டு மருத்துவமனையில் நர்ஸாக இருந்துவிட்டு, எங்கள் ஊர் அருவங்காட்டுக்கு லீவில் வந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாப்பாடு, குளிர், பயம் என்று விசாரித்தார்கள். அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

ஒரு காலையில் இருவரும் வெயிலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"ஏங்கண்ணு, குண்டடி பட்ட காயம் எப்படி இருக்கும்?" என்றார் அப்பா திடீரென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் எதுக்குங்கப்பா?"

"இத்தனை வருசம் மருந்து கலக்கியிருக்கேன். அது போய் என்ன பண்ணுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. நீ பாத்திருக்கே, சொல்லு."

மழுப்பிவிட நினைத்தேன். ஆனால் அப்பா உரிப்பதை நிறுத்திவிட்டு, என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். அதனால் சொன்னேன். சின்ன ஓட்டையாக நுழையும் இரும்புச் சில்லு உள்ளே என்னவெல்லாம் செய்யும் என்பதையும், ஒரு கால் போன பெண் கண் விழித்ததும் இரண்டு செருப்பையும் பத்திரப்படுத்தச் சொன்னதையும்.

இன்னொரு பட்டாணியை எடுத்து உரித்தபடி கேட்டார்: "அந்தப் பொண்ணு இப்ப நடக்குதா?"

"கட்டைக்கால் வச்சு நடக்கறாங்கப்பா."

"மறுபடியும் போவியா?"

"போவேனுங்கப்பா."

"போயிட்டு வா. வந்து மிச்சத்தையும் சொல்லு."

அந்த மருத்துவமனையைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். முழுவதையும் கேட்க விரும்பியவர், தாங்கமாட்டார் என்று நான் நினைத்திருந்த அப்பா ஒருவர்தான்.