எமரால்டு அணை வேலிக்கு இந்தப் பக்கம்

மூன்று மாதத்தில் எனக்கு முதல் ட்ரையத்லான். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒரே நாளில்.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் எங்கள் மலையில் பஞ்சமில்லை. நீச்சல் பழகத்தான் இங்கே இடமில்லாமல் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துக் கோவைக்கு இறங்குகிறேன்.

இன்று காலையும் சைக்கிளை நிறுத்திவிட்டு, எமரால்டு அணையை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை தண்ணீர், அசையாமல் கிடந்தது.

காவலாளி வந்தார். "ஏனுங்க, தெனமும் வந்து நிக்கறீங்க. உள்ள எறங்கக் கூடாதுங்க."

"தெரியுமுங்க. சும்மா பாக்கறேன்."

அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினாறு வருசமா இங்கதான் டூட்டிங்க. நானும் ஒரு நாள்கூட கால் நனைச்சதில்லைங்க."

உங்கள் ஊரில் இறங்க விடுகிற தண்ணீர் இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேர் வருகிறோம்.